ரப்பர் எடை பெல்ட்: வாங்கலாம், கட்டும் இடம்தான் முக்கியம்

மூச்சடக்கிக் கடலில் முங்கும் ஃப்ரீடைவிங்குக்கு எடை பெல்ட் கேட்டால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது நைலான் பட்டையைத்தான். விலை குறைவு, ஸ்கூபாவுக்குப் போதும். மூச்சடக்கித் தலைகீழாக இறங்குபவருக்கு அது ஒத்துவராது. பத்து மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகிவிடும். நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கும், வயிறு உள்வாங்கும், உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட்டும் நசுங்கும். நீளாத, சுருங்காத நைலான் அப்போது தொளதொளத்து மார்புப் பக்கம் வழுக்கும். எடை விலாவுக்கு வந்துவிட்டால் இடுப்பு வளைந்து, வழிகாட்டியாகத் தொங்கவிட்ட கயிற்றை விட்டு விலகத் தொடங்குவீர்கள்.

ரப்பர் பட்டை உடம்பு சுருங்கச் சுருங்கத் தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கால்சட்டை பெல்ட் மாதிரி ஊசி வைத்த மார்செய்ல் பக்கிள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பக்கிளைத் தாண்டித் தொங்கும் பட்டையின் வால் நுனியை ஒரு கையால் வெடுக்கென்று இழுத்தால் கழன்று விழ வேண்டும். வால் 15 செ.மீ. அளவுக்குத் தொங்கினால் போதும், மிச்சத்தை வெட்டிவிடலாம். நீளமாக இருக்கிறதே என்று உள்ளே செருகினால், அவசரத்தில் கை தடவிக்கொண்டிருக்கும்.

பாதிப் பேர் தப்பு செய்வது கட்டும் இடத்தில்தான். தொப்புளுக்கு நேராக அல்ல, அதற்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் கட்டினால் இறங்குமுன் இழுக்கும் வயிற்று மூச்சு நிறையாது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, பட்டையை நன்றாக இழுத்து மாட்டுங்கள்.

ஒரு கிலோ ஈயக்கட்டி இரண்டைவிட அரைக்கிலோ நான்கு மேல். இடமும் வலமும் சமமாகப் பிரித்து, பக்கிளுக்கு இருபுறமும் ஒரு கையகலம் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் இடுப்பை மடக்கி முங்கும்போது ஈயம் அடிவயிற்றில் குத்தும். ரப்பரில் கட்டியைக் கோர்ப்பது பெரும்பாடு, சோப்புத் தண்ணீர் தடவினால் ஏறிவிடும். துளை அகலமான கட்டி என்றால் நகராமலிருக்க ஸ்டாப்பர் கட்டாயம்.

எவ்வளவு எடை? 3 மி.மீ. வெட்சூட்டுக்கு 2 கிலோவில் தொடங்கி அரைக்கிலோவாகக் கூட்டிப் பாருங்கள். நீர்மட்டத்தில் மூச்சை முழுக்க விட்ட பிறகும் மிதக்க வேண்டும். பத்து மீட்டரில் காலடிப்பதை நிறுத்தினால் அமிழக் கூடாது. மயக்கம் பெரும்பாலும் மேலே வரும் கடைசி மீட்டர்களிலும் மேலே வந்த பிறகும்தான் வருகிறது, அங்கே உங்களைத் தூக்கிவைப்பது இந்த மிதப்புதான். சோதிக்கும்போதும் கூட ஒருவர் நீரில் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, அடியில் அதை விட்டுவிட்டு ஏறினார்கள். நாம் ஈயத்தைச் சுமந்துகொண்டே ஏற வேண்டியிருக்கிறது.

நீச்சல்குளத்துக்குக் கணக்கே வேறு. நன்னீர் தூக்குவது குறைவு என்பதால் 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ குறைக்கலாம். கிடையாக நீந்தும்போது மார்பு மேலே, கால் கீழே போனால் பெல்ட்டில் எடை கூட்டிப் பயனில்லை. ஒரு கிலோவை இடுப்பிலிருந்து கழுத்தில் மாட்டும் எடைக்கு மாற்றுங்கள். காற்று மார்பில் இருக்கிறது, ஈயமும் அதன் அருகில் இருக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால் ஆயுள்தான். ஊசி போகும் ஓட்டையிலிருந்துதான் முதல் கிழிசல் கிளம்பும், ஒவ்வொரு முறையும் அங்கே நீட்டிப் பாருங்கள். வெயிலில் போட்டுவைத்தால் வெடிக்கும். சிலிக்கோன் வெயிலைத் தாங்கும், ஆனால் சின்னக் கீறல் விழுந்தாலும் அப்படியே ஓடிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, ஈயத்தைக் கழற்றி நிழலில் தொங்கவிடுங்கள். எடையோடு தொங்கினால் பட்டை நீண்டுபோய் நைலானைப் போலவே தளர்ந்துவிடும்.