‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற ஒரு வரியை நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தை விட்டேன்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் இரவு வரை என் சர்வர் பூட்டிய வீடு என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுக் காலை கிளவுட் பில்லைத் திறந்தபோதுதான் தெரிந்தது, 19 நாளாகக் கதவே இல்லை என்று. போனது ஒன்றரை மாதச் சம்பளம். அரை மாதச் சம்பளம் ‘சர்வரைப் பலப்படுத்தித் தருகிறேன்’ என்று வந்த ஆளுக்கு. மீதி ஒரு மாதச் சம்பளம், அவர் ‘பலப்படுத்தியதால்’ வந்த பில்.

ஆள் கிடைத்தது, சில்லறை வேலைகளுக்கு ஆட்களைச் சேர்த்துவிடும் ஆன்லைன் தளம் ஒன்றில். பெயர் சொல்லவில்லை. புகார் இன்னும் நடக்கிறது, அதோடு இப்படிப்பட்ட தளங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். நிறைய நட்சத்திரம், நிறைய ‘அருமையான சேவை’.

நான் கேட்டது சின்ன வேலை. எங்கள் அலுவலக இணைய முகவரிகளிலிருந்து (ஐபி) மட்டும் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் வழியாக, உள்ளே வர வேண்டும், உலகத்தில் வேறு யாரும் வரக்கூடாது. அவர் டிசிபி ராப்பர் போட்டுத் தருவதாகச் சொன்னார். கூடவே ‘பழைய எஸ்எஸ்எச்சை எடுத்துட்டுப் புதுசு போட்டுடறேன் சார், அதுக்குத் தனியா காசு வேண்டாம்’ என்றார். இந்த இலவசம்தான் என்னைக் கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: டிசிபி ராப்பர் என்பது வருகிற இணைப்பின் முகவரியைப் பார்த்து உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கருவி. 1990இல் வீட்சே வெனிமா என்பவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எழுதியது. அங்கே கணினிகளுக்குள் திரும்பத் திரும்ப ஊடுருவிய ஒருவனைக் கண்காணிக்கப் பிறந்த கருவி. இரண்டே கோப்புகள். முதலில் ஹோஸ்ட்ஸ்.அலவ் பார்க்கப்படும், அதில் பொருந்தினால் உள்ளே விடும். இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ்.டினை, அதில் பொருந்தினால் வெளியே. இரண்டிலும் பொருந்தவில்லை என்றால்? உள்ளே விட்டுவிடும்! கோப்பே இல்லையென்றாலும் காலிக் கோப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். விதியை மாற்றிவிட்டு எதையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை, ஒவ்வொரு இணைப்புக்கும் கோப்பைப் புதிதாகப் படிக்கும். எளிமையான, நல்ல ஏற்பாடு. கருவி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேலை முடிந்ததென்று திரை பகிர்ந்து காட்டினார். அலவ் கோப்பில் எங்கள் முகவரித் தொடர். டினை கோப்பில் ‘ஆல்: ஆல்’, அதாவது மற்ற எல்லாருக்கும் எல்லாமே தடை. முகவரித் தொடரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் முழுத் தொடரும் பொருந்தாது என்று விளக்கினார். கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு எண்டர் தட்டாவிட்டால் அந்த வரியையே விட்டுவிடும் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. இவ்வளவு நுணுக்கம் தெரிந்த ஆள் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

‘என் போனில் மொபைல் டேட்டா போட்டு ஒரு தடவை உள்ளே வர முயற்சி செய்து பார்க்கட்டுமா?’ என்று கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அவர் சிரித்தார். ‘எதுக்கு சார்? அதுக்குத்தானே கமாண்ட் இருக்கு. உங்க போன் ஐபியச் சொல்லுங்க.’

சொன்னேன். டிசிபிடிமேட்ச் என்ற கட்டளை, எஸ்எஸ்எச்டி (சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்கும் நிரல்), என் போன் முகவரி, எண்டர். பட்டென்று விடை வந்தது. கிளையன்ட், முகவரி. சர்வர், எஸ்எஸ்எச்டி. பொருந்தியது, ஹோஸ்ட்ஸ்.டினை, வரி 1. கடைசியாக: அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்து அலுவலக முகவரியைக் கொடுத்தார். அனுமதி வழங்கப்பட்டது. ‘போதுமா சார்?’ என்றார். போனைக் கீழே வைத்தேன். தளத்தில் ‘வேலையை ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தினேன். அரை மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்தது. கைத்தட்டல் படம் வேறு அனுப்பினேன், வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று இப்போது எனக்கு மனப்பாடம். இந்த முகவரியிலிருந்து ஒருவர் வந்தால் ராப்பர் என்ன முடிவெடுக்கும் என்று இரண்டு கோப்பையும் படித்து முன்கூட்டியே சொல்கிறது. அவ்வளவுதான். கதவைத் தட்டுவதில்லை. எஸ்எஸ்எச் இணைப்பு வந்து சேரும் 22ஆம் போர்ட்டைத் தொடுவதுகூட இல்லை. அந்தக் கதவில் ராப்பர் என்கிற காவலாளி நிற்கிறானா என்றும் அதற்குத் தெரியாது. காவலாளியின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டும். காவலாளியே வேலையை விட்டுப் போய்விட்டாலும் நோட்டு அங்கேயேதானே இருக்கும்?

என் சர்வரில் காவலாளியை வேலையை விட்டு அனுப்பியது அந்த இலவசச் சேவை. பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், 2014இல் வந்த 6.7 பதிப்பிலேயே ராப்பர் ஆதரவை எடுத்துவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தருபவர்கள் தாங்களே ஒட்டுப்போட்டு அதை உயிரோடு வைத்திருந்தார்கள், அதனால் என் பழைய டெபியன் சர்வரில் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இவர் நேரடி மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து, லோக்கல் எஸ்பின் அடைவில் புதிய எஸ்எஸ்எச்டியை வைத்து, அதை ஓடவிட்டுவிட்டார். அந்தப் புதியதற்கு ஹோஸ்ட்ஸ்.டினை என்று ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. பூட்டைக் கழற்றிவிட்டு, பூட்டியிருக்கிறது என்று பலகை மாட்டியிருக்கிறார். அறிக்கையில் ‘எஸ்எஸ்எச் புதிய பதிப்புக்கு உயர்த்தப்பட்டது’ என்று பச்சை டிக் வேறு!

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலைக்காகத் தற்காலிகமாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கிக்கொண்டவர், அதை நீக்காமல் போயிருக்கிறார். கணக்கின் பெயரே அதன் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் நுழைவையும் நிறுத்தவில்லை, ‘முகவரியே கட்டுப்பட்டிருக்கே சார்’ என்றாராம், பழைய அரட்டையில் இருக்கிறது. 19ஆம் நாள் எவனோ அந்தக் கணக்கில் நுழைந்து, காப்புப்பிரதி ஸ்கிரிப்டில் கிடந்த கிளவுட் சாவியை எடுத்து, பெரிய பெரிய இயந்திரங்களாக ஓடவிட்டுவிட்டான். சாவியை ஸ்கிரிப்டில் எழுதி வைத்தது என் தப்பு, அதை யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் வாசற்கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கியவர் அவர்.

லாக்கைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ராப்பர் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் ‘இணைப்பு மறுக்கப்பட்டது, இந்த முகவரியிலிருந்து’ என்று ஒரு வரி எழுதும். 22ஆம் போர்ட் இணையத்தில் திறந்து கிடந்தால் நாள் முழுக்க எவனாவது தட்டிக்கொண்டேதான் இருப்பான். அப்படியானால் அந்த வரிகள் குவிந்திருக்க வேண்டும். 19 நாளில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் ‘தவறான பாஸ்வேர்ட்’ என்று பக்கம் பக்கமாக. அதாவது வந்தவன் எல்லாம் உள்முற்றம் வரை வந்து உட்கார்ந்து சாவி முயன்றிருக்கிறான். கடைசியில் ஒரு வரி, ‘பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது’. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

சரி, அவரைக் கேட்டேன். முதல் பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. ‘நம்ம பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார். நீங்களே டிசிபிடிமேட்ச் ஓட்டிப் பாருங்க.’ ஓட்டினேன். உள்ளே நுழைந்தவனின் முகவரியையே கொடுத்து ஓட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது! அவன் உள்ளே உட்கார்ந்து என் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுகொண்டிருக்கிறான், இது மறுக்கப்பட்டது என்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒன்று கவனித்தேன். நான் ஓட்டியபோது மேலே ஒரு எச்சரிக்கை வரி வந்தது, ஐநெட்டி (மற்ற சேவைகளுக்காகக் காத்திருந்து அவற்றைத் தொடங்கிவிடும் நிரல்) கோப்பில் எஸ்எஸ்எச்டி என்ற பெயரே இல்லை என்று. அவர் அறிக்கையில் ஒட்டிய படத்தில் அந்த வரி வெட்டப்பட்டிருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், எஸ்எஸ்எச்டி தனியாக ஓடும் எந்தச் சர்வரிலும், ராப்பர் ஒழுங்காக வேலை செய்யும்போதுகூட, இந்த வரி வரும். அதனால் அது மட்டும் ஆதாரம் ஆகாது. ஆனால் எதற்கு வெட்ட வேண்டும்?

இரண்டாவது பதில் இன்னும் சாமர்த்தியம். ‘எல்டிடி போட்டுப் பாருங்க சார், லிப்ராப் வரும். வந்தா ராப்பர் இருக்குன்னு அர்த்தம்.’ எல்டிடி என்பது ஒரு நிரல் எந்தெந்த நிரல் நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் கட்டளை, லிப்ராப் என்பது ராப்பரின் நூலகம். யூஎஸ்ஆர் எஸ்பின் அடைவில் உள்ள எஸ்எஸ்எச்டி மீது போடச் சொல்லிப் பாதையோடு அனுப்பினார். போட்டேன். லிப்ராப் வந்தது. அரை மணி நேரம் நானே தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேனோ என்று குழம்பினேன். பழைய நண்பர் ஒருவரிடம் திரையைக் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: ‘இப்ப ஓடிக்கிட்டிருக்கிறது இந்த ஃபைல்தானா?’

ஓடும் எஸ்எஸ்எச்டியின் செயல்முறை எண்ணை எடுத்து, பிராக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் ‘எக்ஸி’ இணைப்பைப் பார்த்தோம், ஓடுவது எந்தக் கோப்பு என்று அது சொல்லும். அது காட்டியது லோக்கல் எஸ்பினை. அதன் மீது எல்டிடி போட்டோம். லிப்ராப் இல்லை. டெபியன் வைத்த பழைய கோப்பு ஓரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதைக் காட்டித்தான் இவர் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். தெரியாமல் செய்தாரா தெரிந்தே செய்தாரா, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைப் படம் பிடித்து அனுப்பியதும் ஆறு மணி நேரம் மௌனம். அப்புறம் ‘அப்டேட் பண்ணச் சொன்னது நீங்கதானே’. நான் சொல்லவில்லை. அரட்டையில் இருக்கிறது. அதைக் காட்டினேன். ‘உங்க ஸ்கிரிப்டுல சாவி வெச்சது யாரு?’ அதோடு என்னைத் தடை செய்துவிட்டார்.

தளத்துக்காரர்கள் இன்னும் மரியாதை. ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கி, வேலையை ஏற்ற 14 நாளுக்குள் புகார் தர வேண்டும் என்று முடித்தார்கள். பூட்டு இல்லை என்று திருடன் வந்த பிறகுதானே தெரியும், அவன் 19ஆம் நாள் வந்தான் என்று எழுதினேன். அதே பதில், வேறு பெயரில் வந்தது. மூன்றாவது முறை கேட்டதற்கு, வேலை முடிந்ததற்கான ‘சோதனைச் சான்று’ இணைக்கப்பட்டிருக்கிறதே என்றார்கள். எது அந்தச் சான்று? அதே டிசிபிடிமேட்ச் படம். வெட்டிய படம். அரை மாதச் சம்பளத்தைத் திருப்ப மாட்டார்களாம். கிளவுட் பில் ஒரு மாதச் சம்பளம், அது எங்கள் பொறுப்பே இல்லை என்றார்கள்.

நீங்கள் மாட்டாமலிருக்கப் பத்து அறிவுரை தரலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது மூன்றுதான் மனதில் நிற்கிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.

டிசிபிடிமேட்ச்சும், ராப்பர் அமைப்பைச் சரிபார்க்கும் அதன் கூட்டாளிக் கட்டளை டிசிபிடிசெக்கும் விதியில் எழுத்துப் பிழை, வரிசைக் குழப்பம் கண்டுபிடிக்க நல்லவை. நகல் கோப்பை ஓர் அடைவில் வைத்து, அங்கிருந்து ‘டி’ விருப்பத்தோடு ஓட்டினால் உண்மையான கோப்பைத் தொடாமலே சரிபார்க்கலாம். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. பூட்டு பூட்டியிருக்கிறது என்பதற்கு அவற்றைச் சான்றாக ஏற்காதீர்கள்.

எல்டிடி போடுவதென்றால் ஓடுகிற கோப்பின் மீது போடுங்கள். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 போன்றவற்றில் ராப்பரே கிடையாது, அங்கே யாராவது ஹோஸ்ட்ஸ்.டினை எழுதித் தருகிறேன் என்றால் ஃபயர்வால் எங்கே என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து, அனுமதி இல்லாத ஒரு முகவரியிலிருந்து, உண்மையாகவே தட்டிப் பாருங்கள். நெட்கேட் என்ற இணைப்புச் சோதனைக் கருவியில் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ராப்பர் இணைப்பை ஏற்ற பிறகுதான் துண்டிக்கும், அதனால் எப்படியும் ‘திறந்திருக்கிறது’ என்றுதான் வரும். ‘எஸ்எஸ்எச்-2.0’ என்று தொடங்கும் வரவேற்பு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ராப்பர் தடுக்கவில்லை. என் போனில் அது இன்று காலை வந்தது. அன்றைக்கே பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

அந்த ஆளின் பக்கத்தில் இன்னும் ஐந்து நட்சத்திரம் மின்னுகிறது. அதில் ஒன்று நான் கொடுத்தது, இப்போது மாற்ற முடியவில்லை, 14 நாள் கடந்துவிட்டதாம். கிளவுட் பில்லுக்கு நாளை கடைசித் தேதி. போய் அதைப் பார்க்கிறேன்.