பட்டனில் எதை ஆடலாம்: ஏஸ்-4-ஆ, ஒரே சின்னத்து 7-6-ஆ?

போக்கர் டோர்னமென்டில் நமக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்து (சீட்டை மடக்கி) ஆட்டம் பட்டனுக்கு, அதாவது டீலர் இடத்தில் இருக்கும் நமக்கு, வந்துவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டு பிளைண்ட்கள் (சீட்டைப் பார்க்கும் முன்பே சின்னதும் பெரியதுமாகக் கட்டாயத் தொகை கட்டிய இருவர்) மட்டும். ஆன்டியும் (ஆட்டத்துக்கு முன் போடும் இன்னொரு கட்டாயத் தொகை) சேர்ந்து நடுவில் 2.5 பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயத் தொகைதான் இங்கே அளவு) கிடக்கிறது என்றால், 2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி) 100-க்கு 45 தடவை இருவரையும் மடக்க வைத்தாலே நட்டமில்லை. ஆகவே சுமாரான கையும் ஆடலாம். எந்தச் சுமாரான கை என்பதுதான் கேள்வி.

சின்னம் சேராத ஏஸ்-4-இன் பலம், கையில் இருக்கும் அந்த ஒரு ஏஸ். எதிராளிக்கு ஜோடி ஏஸ் வரும் வழிகள் 6-லிருந்து 3 ஆகக் குறைகின்றன. 10, 12 பிக் பிளைண்ட்தான் மிச்சமா? யோசிக்காமல் ஆல்-இன் (இருப்பது மொத்தமும்) போடுவேன்.

ஆனால் 50 பிக் பிளைண்ட் இருக்கும்போது இதே கை படுத்துகிறது. ஃப்ளாப்பில் (பொதுவில் விழும் முதல் மூன்று சீட்டில்) ஏஸ்-9-5 விழுகிறது. பந்தயம் கட்டுகிறோம், எதிராளி கால் (அதே தொகையை ஈடுகட்டுகிறார்). டர்னிலும் (நான்காவது சீட்டு) கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) அவரே பெரிதாகக் கட்டுகிறார். இப்போது நம் 4 எதற்கு ஆகும்? அவரிடம் ஏஸ்-ஜாக் இருந்தால் முடிந்தது கதை.

அந்த ஆழத்தில் எனக்கு 7-6 தான் பிடிக்கும். ஃப்ளாப்பில் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்து ஐந்து சீட்டு) வாய்ப்பு அமைவது 11 சதவீதம் தான், சரி. ஆனால் பட்டால் பெரிதாகப் படும், படாவிட்டால் வருத்தமில்லாமல் மடக்கலாம். ஏஸ்-கிங்கிடம் மாட்டினாலும் 100-க்கு 40 தடவை ஜெயிக்கும். ஏஸ்-4 அங்கே 30-ஐக்கூடத் தொடாது.

பிக் பிளைண்டில் இருப்பவர் அடிக்கடி ரீ-ரெய்ஸ் செய்பவர் என்றால், இரண்டில் ஏஸ்-4-ஐ முதலில் மடக்குங்கள்.