பேட்டரிப் பிழைக்கு மருந்தாகப் புதிய கெர்னல்: டெபியன் 12இல் தொகுத்துப் பார்த்த மதிப்புரை

மடிக்கணினியின் பேட்டரி தொடர்பாக ஏசிபிஐ (வன்பொருளின் மின்சக்தியை இயங்குதளம் நிர்வகிப்பதற்கான விதிமுறை) பிழைச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், இயங்குதளத்தின் உட்கருவான லினக்ஸ் கெர்னலின் புதிய மூலநிரலை இறக்கி நீங்களே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவுங்கள் என்னும் ஆலோசனை லினக்ஸ் பயனர்களிடையே வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. அந்த வழியை டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் முழுமையாகப் பின்பற்றிப் பார்த்ததன் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: புதிய கெர்னல் பலன் தந்தது, ஆனால் அந்தப் பலனை அடைவதற்காகப் பெரும்பாலோர் எதையும் தொகுக்க வேண்டியதில்லை.

டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். அதன் இயல்பான கெர்னல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. அதாவது 2022 டிசம்பரில் வெளியான கெர்னலுக்குத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து சேர்க்கப்பட்டுவரும் நீண்டகாலப் பதிப்பு. நான் சோதித்த மடிக்கணினியில் இந்தக் கெர்னல் இயங்கும்போது, பேட்டரியின் விழுக்காடு சில வேளைகளில் ஒரே எண்ணில் உறைந்து நிற்கும். சார்ஜரைச் செருகிய பிறகும் பேட்டரியில்தான் ஓடுகிறது என்றே திரை காட்டும். டிமெசெஜ் கட்டளையால் கெர்னலின் பதிவேட்டைத் திறந்தால் இரண்டு வகைச் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று, தேடிய பெயர் கிடைக்கவில்லை எனச் சொல்லும் ஏஇ நாட் ஃபவுண்ட். மற்றொன்று, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை எனச் சொல்லும் ஏஇ டைம். இரண்டும் சிவப்பு எழுத்தில் வருவதால் இரண்டையும் ஒரே நோயாகக் கருதத் தோன்றும். அப்படியல்ல என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையின்படி, மடிக்கணினியின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தனக்கென்று ஒரு சிறு நிரலைத் தன் அட்டவணைகளில் வைத்திருக்கிறது. அந்த நிரலைப் படித்து இயக்கும் பொறுப்பு கெர்னலுடையது. பேட்டரியின் தற்போதைய நிலை என்ன என்று கெர்னல் கேட்டால், பிஎஸ்டி என்னும் செயல்முறை ஓடி, விசைப்பலகையையும் மின்விசிறியையும் கவனித்துக்கொள்ளும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சில்லிடம் விவரத்தைக் கேட்டு வாங்கி வருகிறது. அந்தச் சில்லு பதில் தருவதற்கு லினக்ஸ் இயல்பாக அரை நொடி வரை காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் பிறப்பதே ஏஇ டைம். இதில் தவறு சில்லின் பக்கமும் இருக்கலாம், கெர்னல் அதனோடு பேசும் முறையிலும் இருக்கலாம் என்பதால், கெர்னலை மாற்றிப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு. ஏஇ நாட் ஃபவுண்ட் கதை வேறு. பயாஸ் எழுதியவர் தன் அட்டவணையில் இல்லாத ஒன்றைத் தன் நிரலில் குறிப்பிட்டுவிட்டால் இந்தச் செய்தி வரும்; அதனுடன் பெரும்பாலும் ‘பயாஸ் எரர், பக்’ என்ற சொற்களும் இருக்கும், அதாவது கெர்னலே பயாஸின் பக்கம் விரலை நீட்டுகிறது. எந்தக் கெர்னலைத் தொகுத்தாலும் அந்த வரி போகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கெர்னல் மாற்றம் உண்மையிலேயே தீர்வாக அமைந்ததற்குச் சிறந்த சான்று, கெர்னலின் பேட்டரி இயக்கி நிரலுக்குள்ளேயே ஒரு நீண்ட குறிப்பாக இருக்கிறது. 2010, 2011 ஆண்டுகளின் திங்க்பேட் மாதிரிகளில், கணினி பேட்டரியில் ஓடுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அளவீட்டு அலகு மில்லிவாட்-மணிக்கும் மில்லியாம்பியர்-மணிக்கும் இடையே மாறிவிடும். இரண்டாவது அலகில் வரும் எண்களில் பெரும்பாலானவை தவறானவை. எக்ஸ்201, டி410, எக்ஸ்220 ஆகியவற்றில் இதை உறுதிசெய்த நிரலாளர்கள், 10,000ஐப் பேட்டரியின் வடிவமைப்பு மின்னழுத்தத்தால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கிச் சரிசெய்யும் மாற்று ஏற்பாட்டைக் கெர்னலில் சேர்த்தார்கள். 2011 மாதிரிகளுக்கு 2012இன் நடுவில் லெனோவோவே பயாஸ் திருத்தம் வெளியிட்டது. 2010 மாதிரிகளுக்கு அந்த ஆண்டு நவம்பர் வரையில் எதுவும் வரவில்லை என்று அதே குறிப்பு பதிவுசெய்கிறது. ஆக, ஒரே கோளாறுக்கு ஒரு மாதிரிக்குப் பயாஸிலும், இன்னொரு மாதிரிக்குக் கெர்னலில் மட்டுமே மருந்து கிடைத்தது. எனவே கெர்னலில் கைவைப்பதற்கு முன் எஃப்டபிள்யூயூப்டி கருவி மூலமாகவோ தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ பயாஸைப் புதுப்பித்துவிடுவதே முறை. நான் பயன்படுத்திய மடிக்கணினிக்குப் புதிய பயாஸ் எதுவும் இல்லாததால்தான் இந்த வேலை கெர்னல் வரை வந்தது.

தொகுக்கும் அனுபவத்துக்கு வருவோம். நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள 6.12 வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். மூலநிரலின் சுருக்கப்பட்ட கோப்பு ஏறத்தாழ 140 எம்பி. அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது, கையொப்பம் விரித்த டார் கோப்புக்கு உரியதே தவிரச் சுருக்கிய கோப்புக்கு உரியதல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் எந்தெந்த வசதிகள் உண்டு எனச் சொல்லும் அமைவுக் கோப்பை பூட் அடைவிலிருந்து நகலெடுத்துக்கொண்டு, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ என்று இட்டால் புதிய விருப்பங்கள் அனைத்துக்கும் இயல்பு விடைகள் நிரம்பிவிடுகின்றன. இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. டெபியனின் அமைவுக் கோப்பு, டெபியனின் சான்றிதழ்க் கோப்பு ஒன்றைத் தேடும். அது நம்மிடம் இருக்காது என்பதால், சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற விருப்பத்தைக் காலியாக்காவிட்டால் தொகுப்பு பாதியில் நின்றுவிடும். பிழைநீக்கத் தகவல்களைச் சேர்க்கும் விருப்பத்தையும் அணைத்துவிடுவது நல்லது; இல்லையென்றால் வட்டில் 20 ஜிபிக்கும் மேல் விழுங்கிவிடும்.

பழைய செயலியில் டெபியனின் முழு அமைவைத் தொகுக்க மணிக்கணக்கில் ஆகிறது. ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ வழியைப் பின்பற்றினால் நேரம் வெகுவாகக் குறையும், ஏனெனில் அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் கெர்னல் தொகுதிகளை (மாட்யூல்களை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும். அதன் விலை, செருகப்படாமல் இருந்த சாதனங்களுக்கான இயக்கிகள் இல்லாமல் போவது. அலுவலகத்து புரொஜெக்டருடன் இணைக்கும் அடாப்டரோ எப்போதாவது பயன்படுத்தும் வெப்கேமோ புதிய கெர்னலில் உயிரற்றுக் கிடக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘பின்டெப்-பிகேஜி’ என்ற கட்டளையை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும்: முடிவில் டெபியனின் நிறுவல் கோப்புகளான டெப் பொதிகளாகவே தந்துவிடுவதால், நிறுவுவதும் நீக்குவதும் மற்ற எந்த மென்பொருளையும் போலவே நடக்கிறது, பழைய கெர்னலும் கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் அப்படியே காத்திருக்கிறது.

விளைவு: ஏஇ டைம் செய்திகள் முற்றிலும் நின்றன, விழுக்காடு உறைவதில்லை, சார்ஜரைச் செருகியதும் உடனே தெரிகிறது. ஏஇ நாட் ஃபவுண்ட் வரிகள் எதிர்பார்த்தபடியே இருக்கின்றன. அவற்றால் எந்தப் பாதிப்பும் இல்லை. பேட்டரி நிற்கும் நேரம் மட்டும் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. பவர் சப்ளை அடைவில் எனர்ஜி ஃபுல் என்ற எண்ணையும் எனர்ஜி ஃபுல் டிசைன் என்ற எண்ணையும் ஒப்பிட்டால், பேட்டரி தன் கொள்ளளவில் கணிசமான பங்கை இழந்துவிட்டது புலப்படுகிறது. தேய்ந்த பேட்டரிக்குக் கெர்னல் என்ன செய்யும்?

குறைகளில் முதன்மையானது, நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே தொடங்க அனுமதிக்கும் செக்யூர் பூட். டெபியன் வழங்கும் கெர்னல் கையொப்பமிட்டே வருகிறது. நாம் தொகுத்ததற்கு அது கிடையாது. நமக்கென ஒரு சாவியை உருவாக்கி, மோக்யூட்டில் மூலம் பதிந்து, கெர்னலில் கையொப்பமிட வேண்டும். அல்லது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சுமை, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் டெபியனின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாகத் தாமாக வந்து சேராது என்பது. ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் நாமே மீண்டும் தொகுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த ஆலோசனையின் மீது எனக்கு மனக்குறை உண்டாகிறது, ஏனென்றால் இதே 6.12 வரிசைக் கெர்னல் டெபியன் 12இன் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் (பழைய பதிப்புக்காகப் புதிய மென்பொருள்களைத் தரும் களஞ்சியம்) கையொப்பத்துடன் கிடைக்கிறது. ஒரு வரி சேர்த்து, ஒரு கட்டளை இட்டால் போதும்.

சொந்தமாகத் தொகுப்பதற்கு நியாயமான இடங்கள் இரண்டு. கெர்னலில் இன்னும் சேராத திருத்த ஒட்டு (பேட்ச்) ஒன்றை நம் கணினியில் சோதிக்க வேண்டியிருந்தால் வேறு வழியில்லை. எந்த மாற்றம் கோளாறைத் தீர்த்தது, அல்லது உண்டாக்கியது, என்று கண்டுபிடித்து நிரலாளர்களுக்கு அறிவிக்க விரும்பினாலும் அப்படியே: 6.1க்கும் 6.12க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் என்னும் கருவி பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே செல்வதால் ஏறத்தாழ 18 முறை தொகுத்தால் அந்த ஒன்றைப் பிடித்துவிடலாம். மேலே குறை சொன்ன லோக்கல்மாட்கான்ஃபிக் இந்த வேலைக்குத்தான் மிகப் பொருத்தமானது. மற்றபடி, 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இயல்பாகவே 6.12 கெர்னலுடன் வருகிறது. அதற்கு மாறத் தயாராக இருப்பவர்களுக்கு பேக்போர்ட்ஸ்கூடத் தேவைப்படாது.