தர்மபுரி கடைகளில் விற்கும் ஸ்பெல்லிங் புத்தகம்: வாங்கலாமா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஸ்டேஷனரி கடைகளில் ஸ்பெல்லிங் புத்தகம் கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் ஒரே ரகம்தான். பழம், விலங்கு, வாகனம் என்று பிரித்த சொற்கள், பக்கத்தில் படம், கீழே ஐந்து தடவை பார்த்து எழுத நாலுகோட்டு வரிகள். அச்சு தெளிவு. இங்க் பேனா ஊறும், பென்சில் போதும்.

கோளாறு சொற்களைப் பிரித்த விதத்தில். மேங்கோவும் ஆரஞ்சும் பழம்தான், எழுத்தில் என்ன உறவு? பிள்ளைகள் தடுக்கி விழுவது ஒலியில். ஸ்டேஷன், பெர்மிஷன், எலக்ட்ரீஷியன் மூன்றின் வாலும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், எழுத்து வேறு வேறு. தொழில் செய்யும் ஆள் என்றால் சி-ஐ-ஏ-என். அட்மிட், பெர்மிட், சப்மிட் 'மிஷன்' ஆகும்போது இரட்டை எஸ். இப்படி ஒரு பக்கம்கூட இதில் இல்லை.

ஒலிக்காத எழுத்துக்கும் வெறும் பட்டியல்தான். ஒகேனக்கல் பஸ் போர்டில் ஊர்ப் பெயரின் முன்னால் ஒலிக்காமல் நிற்கும் ஆங்கில 'எச்'சைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதா என்ன! கடன் என்ற பொருளுள்ள 'டெட்'டில் பி எதற்கு? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த பி கிடையாது. லத்தீன் மூலத்தைப் பார்த்துப் படித்தவர்கள் பிறகு செருகியது. டெபிட் கார்டில் ஒலிக்கும் அதே பி. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அந்த பி-யை விடாது.

ஐந்து தடவை பார்த்து எழுதுவது பெரிய பலன் தராது. இரண்டாவது வரியிலிருந்து கைதான் ஓடும். முதல் வரி தப்பானால் ஐந்தும் தப்பு. ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை அசை பிரித்து வாசிக்கச் சொல்லி, மூடி, எழுதச் சொல்லி, திறந்து ஒப்பிடுங்கள். முழுச் சொல்லையும் அடிக்காமல் தப்பான எழுத்துக்கு மட்டும் கோடு போடுங்கள். 'நெசசரி'யில் சி ஒன்று, எஸ் இரண்டு. தப்பு அங்கேதான் விழும். ஒரு நாளைக்கு எட்டுச் சொல் போதும். மறுநாள், நாலாம் நாள், அடுத்த வாரம் அதே எட்டையும் மூடிக் கேளுங்கள்.

போனில் பழகினால் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். கீபோர்டு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், பாடப்புத்தகத்தில் சரியாக இருக்கும் 'கலர்' யு-வோடு வரும்போது சிவப்புக் கோடு விழும். இந்தியா அல்லது பிரிட்டன் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

மூன்றாம் வகுப்பு வரை வாங்கலாம். அதற்கு மேல் கோடு போட்ட நோட்டும் பாடப்புத்தகமும் போதும். காசு கொடுக்குமுன் கடைசிப் பக்கத்து விடைகளைப் புரட்டிப் பாருங்கள். 'கலர்' ஒரு இடத்தில் யு-வோடும் இன்னொரு இடத்தில் யு இல்லாமலும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.