சிவப்பு நீல நட்டுக்குள் இருந்தது வெறும் ஹோஸ் கிளிப்: ஃபியூல் லைன் மாற்றியவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள்

மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆர் வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உத்தண்டி டோலில் வரிசை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, பங்க்ல நிக்கிறோமா?" என்று கேட்டாள்.

அந்த வாடை எனக்கும் ஒரு நிமிடம் முன்னாலேயே வந்திருந்தது. பக்கத்தில் நிற்கிற பைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏழு வயதுக் குழந்தை பெட்ரோல் பங்க் என்று நினைக்கிற அளவுக்கு உள்ளே வாடை வந்துவிட்டது என்றதும் எனக்கு வயிறு கலங்கிப்போனது. டோலைத் தாண்டியதும் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, மனைவியையும் குழந்தையையும் இறக்கி இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பானட்டைத் திறந்தேன்.

ஃபில்டரிலிருந்து இன்ஜெக்டர் ரெயிலுக்கு, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் மாட்டியிருக்கிற குழாய்க்கு, போகிற ஸ்டீல் பின்னல் போட்ட டியூப் முழுக்க ஈரம். எஞ்சின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் மிச்சம் இருக்கும் அல்லவா, டியூப் முனையில் இருக்கிற சிவப்பு நீல நட்டின் பின்பக்கத்திலிருந்து பெட்ரோல் கசிந்து, பின்னல் வழியாகவே ஓடி, டியூப் தொங்குகிற இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்துக்கும் எக்ஸாஸ்ட் பைப்புக்கும் நடுவே ஒரு சாண்தான். அப்போதுதான் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்ற வண்டி. அந்த பைப் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

வண்டி 2002 ஹோண்டா சிட்டி வீடெக். இருபது வருடத்துக்கும் மேலான கார் என்பதால் பழைய ரப்பர் டியூபெல்லாம் மாற்றியே ஆகவேண்டும். கூடவே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வருடத்துக்கு ஓரிரு முறை ஓட்டலாம் என்ற ஆசை. தென்சென்னையில் இருக்கிற ஒரு பெர்ஃபாமன்ஸ் கேரேஜில் ஜனவரியில் கொடுத்தேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது. புது பம்ப், முழு ஃபியூல் லைன், கூலி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். பில்லில் தெளிவாக எழுதியிருக்கிறது: டெஃப்லான் பிரெய்டட் லைன் (உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல்), ஏஎன்-6 ஃபிட்டிங் (டியூப் முனையில் திருகிப் பூட்டுகிற உலோக இணைப்பு) எட்டு. பானட்டைத் திறந்தால் பார்க்க ரேஸ் கார் மாதிரியே இருந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அந்த ராத்திரி வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றி, அம்பத்தூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்கிற, அதாவது டியூப் முனையில் ஃபிட்டிங்கை அழுத்திப் பொருத்துகிற, பட்டறையில் 28 வருடம் வேலை பார்த்தவர். காலையில் காபி கூடக் குடிக்காமல் வந்து, ஒழுகின நட்டில் ஸ்பேனரை வைத்தார். அது இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. சும்மா சுற்றியது.

"டேய், இது நட்டே இல்லடா. தொப்பி."

ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். சிவப்பு நீலக் கூடு அப்படியே பின்னால் நகர்ந்து வந்தது. உள்ளே, ரேடியேட்டர் டியூபுக்குப் போடுகிற, ஸ்க்ரூ திருகி இறுக்குகிற சாதாரண ஹோஸ் கிளிப். எட்டு இடத்திலும் அதேதான். ஏஎன் ஃபிட்டிங் என்று நான் காசு கொடுத்தது கிளிப்பை மறைக்கிற அலுமினிய அலங்காரக் கூட்டுக்கு. இப்படி ஒரு பொருள் தனியாகவே விற்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தண்ணீர் லைனுக்கு அழகுக்காகப் போட்டால் போகட்டும். பெட்ரோல் லைனில் போட்டு, ஃபிட்டிங் என்று பில் எழுதுவது குழந்தை உட்காரும் வண்டியில் செய்கிற காரியமா?

அப்புறம் டியூபை வெட்டினார். பின்னல் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஹாக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு, பின்னலை உரித்துவிட்டு கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல். விரித்துக் காட்டினார். டெஃப்லான் என்றால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய, நகம் இறங்காத கெட்டி பிளாஸ்டிக் சுவர் தெரிய வேண்டும். எங்கள் கையில் இருந்தது தடியான கறுப்பு ரப்பர். உள்பக்கம் ஊறி உப்பி, பழைய அழிரப்பர் மாதிரி, நகத்தால் சுரண்டினால் துகளாக வந்தது. கிளிப் இருந்த இடத்தில் அதன் பட்டையில் இருக்கிற வெட்டுகள் ரப்பருக்குள் இறங்கி, வரிவரியாகப் பிளந்திருந்தது. நான்கே மாதம்.

ஏன் நான்கு மாதத்தில் இப்படி ஆனது என்பதை சித்தப்பா சொன்னதையும், நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் ஆரம்பித்து இப்போது எல்லாப் பக்கமும் வந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காத ரப்பர் அதில் ஊறும், மிருதுவாகும், பிறகு வெடிக்கும். அதோடு இன்ஜெக்ஷன் வண்டியில் லைன் அழுத்தம் சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐக்கு மேல். கார்புரேட்டர் காலத்து வண்டியில் இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தக் காலத்து டியூபையும் கிளிப்பையும் இதில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

ரப்பர் டியூப் வாங்குகிறவர்கள் மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஈ ஜே30 என்று ஒரு தரம், அதற்குப் பிறகு ஆர் என்று போட்டு ஒரு எண். ஆர்6, ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டருக்கும் குறைந்த அழுத்த லைனுக்கும். ஆர்7 டியூபுக்கு எல்லை 50 பிஎஸ்ஐ. இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஆர்9 கேளுங்கள். அது 100 பிஎஸ்ஐ வரை, உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். எதுவுமே அச்சடிக்காத டியூபை, எவ்வளவு தடியாக இருந்தாலும், தொடாதீர்கள். ஸ்டீல் பின்னல் போட்டதில் இந்த எழுத்தைப் பார்க்கவே முடியாது. ஏமாற்றுவதற்கு வசதியாக இருப்பதும் அதனால்தான். பின்னல் டியூப் என்றால் ரோலில் இருந்து வெட்டும்போது பக்கத்திலேயே நின்று வெட்டு முனையைப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்று சொன்னால் அந்தக் கடையே வேண்டாம்.

டேங்குக்குள் மூழ்கி இருக்கிற சின்னத் துண்டு டியூப் தனி வகை, ஆர்10. வெளியே போடுகிற டியூபுக்கு உள்சுவர் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும்படி இருக்கும், வெளித்தோல் வெயிலையும் சூட்டையும் தாங்கத்தான். அதைப் பெட்ரோலுக்குள் முக்கி வைத்தால் வெளியிலிருந்து கரைய ஆரம்பிக்கும். என் வண்டியில் பம்ப் மேலே போட்டிருந்ததும் அந்த எழுத்தில்லாத டியூப்தான். இரண்டு மாதமாக 5,500 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி திணறிக்கொண்டிருந்தது. இரண்டு முறை அந்த கேரேஜுக்குப் போனேன். "செட்டிங் பண்ணணும் சார்" என்று சொல்லி 4,000 ரூபாய் வாங்கினார்கள். டேங்கைத் திறந்து பார்த்தால் டியூப் உப்பி, கிளிப் நழுவி, பம்ப் தள்ளுகிற பெட்ரோலில் ஒரு பகுதி டேங்குக்குள்ளேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. அப்போதே ஒருவர் டேங்கைத் திறந்திருந்தால் முன்பக்க டியூபையும் சந்தேகப்பட்டிருப்போம்.

இன்னொன்றும் அன்று பார்த்தோம். ஸ்டீல் பின்னல் எதன் மேல் உரசினாலும் அரம் மாதிரி அறுக்கும். கவ்வி எதுவும் போடாமல் டியூபை அப்படியே விட்டிருந்ததால், இன்ஜெக்டர் வயர் ஒன்றின் மேல்தோல் முழுக்க உரிந்து செம்பு தெரிந்தது. ஒரு பக்கம் பெட்ரோலில் நனைந்த பின்னல், அதைத் தொட்டுக்கொண்டு மின்சாரம் ஓடுகிற வயர். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நிஜ ஏஎன் ஃபிட்டிங் எப்படி இருக்கும் என்று சித்தப்பா ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். இரண்டு பாகம். டியூபைப் பிடிக்கிற கூடு ஒன்று, உள்ளே திருகிப் போகிற மூக்கு ஒன்று. டெஃப்லான் டியூபுக்கு நடுவில் ஒரு சின்னப் பித்தளை வளையமும் வரும். ரப்பர் டியூபுக்கான ஃபிட்டிங்கை டெஃப்லான் டியூபில் போட்டால் பிடிக்காது, அழுத்தத்தில் கழன்று வரும். டியூபையும் ஃபிட்டிங்கையும் ஒரே கடையில் ஒன்றாக வாங்குவது நல்லது. அடைப்பது மரை கிடையாது, 37 டிகிரி கூம்பும் அதற்கு ஏற்ற குழியும் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கிறது. 45 டிகிரி ஃபிட்டிங்கும் கடையில் உண்டு. சில சைஸில் மரை ஒன்றாகவே இருப்பதால் ஏறிவிடும், ஆனால் கூம்பு உட்காராது. டெஃப்லான் டேப்பைச் சுற்றி "இப்ப ஒழுகாது பாருங்க" என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். கூம்பு ஃபிட்டிங்குக்கு டேப் தேவையே இல்லை, பிய்ந்த டேப் துணுக்கு நேராக இன்ஜெக்டரில் போய் அடைக்கும்.

பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போனால், "இது 200 பார் தாங்கும், உங்க காருக்கு எதுக்கு பயம்" என்பார்கள். அழுத்தம் தாங்கும்தான். ஆனால் அந்த ரப்பர் ஆயிலுக்காகச் செய்தது, பெட்ரோலுக்கு இல்லை. அதே கடைகளில் 100ஆர்14 என்று ஒரு டியூப் கிடைக்கும், அது உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல். அதில் பி வகை வாங்க வேண்டும் என்றார் சித்தப்பா. உள்சுவரில் கரி கலந்து கறுப்பாக இருக்கும். வெள்ளை டெஃப்லானில் பெட்ரோல் ஓட ஓட நிலைமின்சாரம் சேர்ந்து, பின்னலுக்குப் பொறி பாய்ந்து, சுவரில் ஊசித்துளை விழலாம். கரி கலந்தது அந்த மின்சாரத்தைக் கடத்திவிடும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: ஜே30 வரிசையிலும் ஆர்14 என்று ஒன்று இருக்கிறது, அது ரப்பர் டியூப். கடையில் வெறும் "ஆர்14" என்று கேட்காதீர்கள்.

கடைசியில் என் வண்டியில் என்ன செய்தோம்? கம்பெனி கொடுத்த இரும்பு பைப்பையே திரும்பப் போட்டோம். என் எஞ்சினுக்கு அது தாராளமாகப் போதும், அதை எடுத்து வீசியிருக்கவே வேண்டாம். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்ததால் புதுப்பேட்டையில் அலைந்து நல்ல நிலையில் ஒன்று வாங்கினேன். இரண்டு முனையிலும் வளைந்து கொடுக்க வேண்டிய கையளவு இடத்துக்கு மட்டும் ஆர்9 டியூப், ஓரம் மடித்து நட்டு போல்ட் போட்ட இன்ஜெக்ஷன் கிளாம்ப். அது டியூபைச் சுற்றிலும் சமமாக அழுத்தும், அறுக்காது. டேங்குக்குள் ஆர்10. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நான்கு முறை ஆன் செய்து பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தோம். சூடேறி ஆறின பிறகு இன்னொரு முறை பார்த்தோம். டிரைவர் சீட்டுக்குக் கீழே தீயணைப்பான் மாட்டியாயிற்று.

கேரேஜ்காரர் போனில் சொன்னது: "சார், ரேஸ் பார்ட்ஸுக்கு வாரன்டி கிடையாது. எல்லாருக்கும் இதைத்தான் போட்டுத் தர்றோம்." வாரன்டி கேட்டு நான் போகவில்லை, பில்லில் எழுதிய பொருள் வண்டியில் இல்லை என்றுதான் சொன்னேன். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், பிறகு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்தேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லில் "ஃபியூல் லைன் வேலை" என்று பொதுவாக எழுதியிருந்தால் எனக்குப் பேச வாயே இருந்திருக்காது. டியூபின் தரம், ஃபிட்டிங் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

"எல்லாருக்கும் இதைத்தான்" என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். கடந்த ஒரு வருடத்தில் சென்னையில் எங்கேயாவது சிவப்பு நீல ஃபிட்டிங்கோடு பெட்ரோல் லைன் போட்டிருந்தால், நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து அந்த நட்டில் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றினாலோ, பின்னால் நகர்ந்து உள்ளே கிளிப் தெரிந்தாலோ, சாவியைத் தொடாதீர்கள். லாரியில் ஏற்றி எடுத்துப் போங்கள்.