தாராபுரத்து மாடிக் கடை: புத்தகத்தோடு எழுதியவரையும் அறிமுகம் செய்கிற இடம்

தாராபுரம், காங்கயம், மூலனூர் பக்கம் இருப்பவர்கள் புத்தகம் வாங்கக் கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே உரக்கடை, மேலே மாடியில் இது. படிக்கட்டுச் சுவரில் ‘பழைய, புதிய புத்தகங்கள்’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அவ்வளவுதான் விளம்பரம்.

நான் காங்கயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. படிக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் யார் பெயர் காதில் விழுகிறதோ அவர்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் பத்திரிகையில் வருகிற நாலைந்து பெயர்கள், அவற்றைத் தாண்டி எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. அதை மாற்றியது இந்தக் கடை.

கடைக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியிருப்பார். அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு, அதை நான் வேறெந்தக் கடையிலும் பார்த்ததில்லை. தான் படித்த ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும், அட்டையைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள் ஒன்றைச் செருகி வைக்கிறார். நீல மையில் சாய்ந்த கையெழுத்தில் நாலே வரி. எழுதியவர் பெயர், ஊர், பிழைப்பு, ‘இதற்கடுத்து’. கதைச் சுருக்கமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. எந்த ஊர்க்காரர், சோற்றுக்கு என்ன வேலை செய்தார், இதைப் படித்த பிறகு எதை எடுக்கலாம், இவ்வளவுதான். புத்தகத்தை வாங்கினால் தாளும் நமக்கு.

நான் முதலில் எடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள். தாளில் ‘ஊர்: கீரனூர், தாராபுரம் தாலூகா’ என்று இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். 1942ல் வந்த நாவல். தமிழில் வட்டார நாவல் என்று பேச ஆரம்பித்தால் முதலில் சொல்வது இதைத்தான். எழுதும்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். பெண் ஒருத்தி வாய் திறந்து பங்கு கேட்டால் ஊர் என்னென்ன பேசும், யார் யார் தூண்டிவிட்டுக் குளிர்காய்வார்கள் என்பதெல்லாம் அப்படியே வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அப்பாவின் அத்தை ஒருவர் புருஷன் போன பிறகு காட்டில் பங்கு கேட்டதற்காகக் கடைசிவரை ‘பொல்லாதவள்’ என்று பேர் வாங்கினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல்தான் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989ல். அதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் முன்னால் கீரனூர்க்காரர் ஒருவர் இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டிமார் பேசிய பேச்சு அச்சில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. படித்து முடித்த அன்று அந்த அத்தையைப் பற்றி அம்மாவிடம் ராத்திரி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளின் கடைசி வரியில் ‘இதற்கடுத்து: பதேர் பாஞ்சாலி’ என்று எழுதியிருந்தது. வங்காள நாவல். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதியது, சத்யஜித் ராய் படமாக எடுத்தது என்ற அளவில் எனக்கும் தெரியும். கீரனூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து தலைப்புப் பக்கத்தைக் காட்டினார். தமிழில் பெயர்த்தவர் அதே ஆர். சண்முகசுந்தரம்.

“நாகம்மாள எழுதுன கைதானுங் அம்மிணி இதையும் எழுதுச்சு. வங்காளத்துப் புள்ளைங்கள நம்மூருப் புள்ளைங்களாட்டக் கூட்டிட்டு வந்துட்டாரு பாருங்” என்றார்.

அன்றிலிருந்து மொழிபெயர்ப்புப் புத்தகம் எதை எடுத்தாலும் பெயர்த்தவர் யாரென்று பார்க்காமல் நான் கீழே வைப்பதில்லை. கடையில் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி அலமாரி இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வருகிற எதிர் வெளியீட்டின் புத்தகங்கள் அதில் நிறைய. அங்கே மட்டும் தாளில் ஐந்தாவதாக ஒரு வரி, பெயர்த்தவருக்காக.

அடுத்து பெரியசாமித் தூரன். ஜன்னலை ஒட்டிய அலமாரி முழுக்க அவர்தான், நான் அதிகநேரம் நிற்பதும் அங்கேதான். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசு. 1908ல் பிறந்தவர். கச்சேரிகளில் ‘முரளீதர கோபாலா’ என்று பாடும்போது தலையாட்டுகிறோமே, அந்தப் பாட்டு இவருடையது. பகத்சிங்கைத் தூக்கிலிட்டதும் பட்டப் படிப்பின் தேர்வை எழுத மாட்டேன் என்று விட்டவர். அப்புறம் கோயமுத்தூர்ப் பக்கம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தார். இதற்கெல்லாம் மேலே, தமிழில் முதன்முதலாக வந்த கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். பெரியவர்களுக்கு 10 தொகுதி, அது முடிந்ததும் குழந்தைகளுக்குத் தனியாக இன்னொரு 10 தொகுதி. முதல் தொகுதி வந்தது 1954ல். கம்ப்யூட்டர் இல்லை, ஜெராக்ஸ் இல்லை. துறைக்கு ஒருவராக எழுத வைத்து, தமிழில் சொல் இல்லாத இடத்தில் சொல் தேடி, படம் போட்டு, மெய்ப்புப் பார்த்து, இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. தினமும் கணக்கு நோட்டோடு இருக்கிற எனக்கு, ஒரு வேலையை இழுத்துப் பிடித்து முடிப்பது என்றால் என்னவென்று தெரியும். கடையில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தபோது அதன் கனமே என்னவோ செய்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஓடுகிற வாக்கியம். எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மனிதரின் பெயர் தெரியும்? நான் படித்த பள்ளியில் ஒருவர்கூடச் சொல்லித் தந்ததில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அவர் நாட்டுப்பாடல்களைத் திரட்டிப் போட்ட ‘காற்றில் வந்த கவிதை’யின் பழைய பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. முதுகு ஒட்டுப் போட்டது, 60 ரூபாய். கலைக்களஞ்சியம் செய்த அதே ஆள் களையெடுக்கிற பெண்கள் பாடுகிற பாட்டுக்கும் காது கொடுத்திருக்கிறார் என்பதைத் தாளில் இருந்த ‘இதற்கடுத்து’ சொல்லாமல் இருந்தால் நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

தியடோர் பாஸ்கரனும் தாராபுரத்தில் பிறந்தவர்தான். தபால் துறையில் தமிழ்நாட்டுத் தலைமைப் பதவிவரை போனவர். ஒரு பக்கம் தமிழ் சினிமா வரலாறு, இன்னொரு பக்கம் காடு, பறவை, நாட்டு நாய். ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ என்ற கட்டுரைத் தொகுப்பை வாங்கினேன். அதிலிருந்த தாள் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ பக்கம் அனுப்பியது. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. அந்தப் புத்தகத்தின் தாள் கிருஷ்ணனின் அப்பா அ. மாதவையாவிடம் அனுப்பியது, 1898ல் பத்மாவதி சரித்திரம் எழுதினவர். சினிமா ஆராய்ச்சிக்காரரில் ஆரம்பித்து நூற்றிருபது வருஷம் பின்னால் போய் நின்றேன். இடையில் கிடைத்த லாபம், காங்கயம் தாராபுரம் ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இப்போது கரண்டுக் கம்பியில் இருக்கிற பனங்காடையைப் பெயர் சொல்லி மகனுக்குக் காட்டுகிறேன். மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் கிளுவை வேலிகளைச் சும்மா தாண்டிப் போவதில்லை, அதில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று கண் தேடுகிறது.

திருப்பூர் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் மணல்கடிகையும் சுப்ரபாரதிமணியனின் சாயத்திரையும் எப்போதும் இருக்கும். பனியன் கம்பெனிக்குப் போய்வருகிற யாருக்கும் இரண்டையும் தயங்காமல் சொல்வேன். தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் 2023ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய பிறகு கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்றார் கடைக்காரர். பெருமாள்முருகனில் மாதொருபாகனைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இவரோ நிழல்முற்றத்தை எடுத்துக் கொடுக்கிறார். சினிமா தியேட்டரில் சோடா விற்கிற பையன்களின் கதை. முருகனின் அப்பா திருச்செங்கோட்டில் தியேட்டர் சோடாக்கடை வைத்திருந்தவர் என்று தாளில் ‘பிழைப்பு’ வரியில் எழுதியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தபோது எனக்கு அந்தச் சோடா பாட்டில் சத்தம் கேட்டது.

இப்போது குறைகள். எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கொங்கு எழுத்தாளர் அலமாரியில் பெண்கள் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. அம்பை கோயமுத்தூரில் பிறந்தவர், 2021ல் சாகித்ய அகாதெமி வாங்கியவர், பெண்களின் வரலாற்றுக்கென்றே மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தை ஏற்படுத்தியவர். அவர் புத்தகங்கள் இங்கே பொது அலமாரியில், அதுவும் கீழ்த்தட்டில்.

“பொறந்தது கோயமுத்தூருங். வளந்தது பம்பாயும் பெங்களூரும்ங்களே. அப்புறம் எப்படிங் இதுல வெக்கிறது?”

“நாஞ்சில் நாடன் பொறந்து வளந்தது நாஞ்சில் நாட்டுலதானுங்களே ஐயா. வேலைக்குக் கோயமுத்தூர் வந்தவருன்னு அவர மட்டும் இதுல வெச்சிருக்கீங்?”

அதற்குப் பதில் வரவில்லை. சிரித்துக்கொண்டு தேங்காய்ப் பன்னை என் பக்கம் தள்ளினார். பிறந்த ஊரோ வாழ்ந்த ஊரோ, எதையாவது ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளட்டும். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமென்று செய்கிற ஆளில்லை அவர், அது தெரியும். ஆனாலும் ஒரு கல்லூரிப் பெண் இங்கே வந்தால் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு நம்ம பக்கம் ஆண்கள்தான் எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டு போவாள். அதனால் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் போனால் கேளுங்கள்.

படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கீழே உரக்கடையில் சொல்லி அனுப்பினால் அவரே கேட்ட புத்தகங்களை இறக்கிக் கொண்டுவந்து காட்டுவார். பழைய பத்திரிகைக் கட்டுகள் பிரிக்காமல் மூலையில் கிடக்கின்றன, தூசு அதிகம், தும்மல் வருகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். புதுக் கவிதைத் தொகுப்புகள் குறைவு. அவர் கவிதை படிப்பதில்லை, அதனால் அவற்றில் தாளும் இருக்காது.

விலை நியாயம். பழைய புத்தகம் பெரும்பாலும் அட்டை விலையில் பாதி, அச்சில் இல்லாததற்கு மட்டும் கொஞ்சம் கூடச் சொல்வார். புதிய புத்தகத்துக்கு 10 சதவீதம் கழிவு. வீட்டுக்குப் போன பிறகு பக்கம் இல்லையென்றோ பூச்சி அரித்திருக்கிறதென்றோ தெரிந்தால் மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஜிபே உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. யார் வீட்டிலாவது பழைய புத்தகம் விற்கிறார்கள் என்று தகவல் வந்தால் எந்த நாளென்று இல்லாமல் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போதும் அங்கேதான் இருப்பார், அந்த நாட்களில் போகாதீர்கள். திருவிழா முடிந்த வாரம் போவது நல்லது. புதிய கட்டுகள் பிரிந்து, தாள்களும் எழுதி முடித்து வைத்திருப்பார்.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் அவரிடம் ஏழு தொகுதிகள்தான் சேர்ந்திருக்கின்றன. 4, 7, 9 இல்லை. பத்தும் சேர்ந்தால் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதாக இருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் அந்த மூன்றில் எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாமல் அவரிடம் கொண்டு போங்கள்.