ரெயின்போ கேக்: திரவ கலரா, ஜெல் கலரா?

எல்லா அடுக்குக்கும் மாவு ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் கலரில்தான். மளிகைக் கடையில் கிடைக்கும் திரவ ஃபுட் கலர் மலிவு. மீந்தால் கேசரிக்கு ஆகும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். சிவப்பு எடுப்பாக வர ஊற்றிக்கொண்டே போகவேண்டும். மாவு நீர்த்துவிடும், வெந்து வந்தாலோ வெளிறிய ரோஸ்தான்.

ஜெல் கலரைப் பல்குச்சி நுனியில் தொட்டுக் கலந்தாலே நிறம் ஏறிவிடும், மாவின் பதமும் கெடாது. விலை கொஞ்சம் கடிக்கும். சரி, ஒரு சின்ன டப்பா பல கேக்குக்கு வருமே! வெளிர் நிறங்களே போதும் என்பவர்களுக்கு மட்டும் திரவ கலரைச் சொல்வேன்.

நீலம்தான் இரண்டிலும் தகராறு. மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்து அதைப் பச்சைப் பக்கம் இழுத்துவிடும். வெள்ளைக்கருவும் எண்ணெயும் போட்டு மாவு கலந்தால் நீலம் நீலமாகவே வரும்.